மாலைக்குப் பின்னால்

என் மேசை மேல் ஒரு லாரி மூன்று மாதமாக முழு முகம் இல்லாமல் நிற்கிறது. இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. முப்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். சேஸ், பட்டை, மரப் பாடி, தார்ப்பாய்க் கயிறு, ஸ்டெப்னி எல்லாம் முடிந்துவிட்டது. முன்பக்க கிரில்லின் நடுவில் மட்டும் ஒரு சின்னம் வரவேண்டும். நாலு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு வட்டம். அதில் என்ன வைப்பது என்று தெரியாமல் இல்லை. தெரிந்துபோனதுதான் சிக்கல்.

பகலில் கோடு எழுதுகிறேன், இரவில் பிளாஸ்டிக் தகடு வெட்டுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் என்னைப் போன்றவர்களுக்கு 'ரிவெட் எண்ணுகிறவன்' என்று பெயர். பாராட்டு இல்லை. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் செய்தது ஃபோர்டு சி-600, ஏஎம்டி கம்பெனியின் 1/25 கிட். அமெரிக்காவில் நகரத்துச் சரக்கு ஏற்றிய நடுத்தர வகை லாரி. 1957இல் வந்த அந்த கேபினை ஃபோர்டு பெரிய மாற்றமில்லாமல் 1990 வரை ஓட்டியது. அதை ஆராய்வது ஒரு சுகம். விற்பனைக் கையேடு இருக்கிறது, அதில் அச்சுக்கு அச்சு தூரம் அட்டவணையாக இருக்கிறது, பழுதுபார்க்கும் புத்தகம் இருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் வரும். சரி, தப்பு என்ற இரண்டு மட்டுமே உள்ள ஓர் உலகம். டெஸ்ட் பாஸ் ஆனால் வீட்டுக்குப் போகலாம்.

அந்த மமதையில்தான் தாத்தாவின் வண்டியைச் செய்யலாம் என்று இறங்கினேன்.

தாத்தா சங்ககிரிக்காரர். ஒற்றை லாரி முதலாளி, அவரே டிரைவர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு பம்பாய் போவார். நான் பிறக்கும் முன்னே வண்டியை விற்றுவிட்டார். மிஞ்சியவை இரண்டு: ஆர்.சி. புத்தகம், 1973 ஆயுத பூஜைக்கு எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

நம்மூர் லாரிக்கு வரைபடம் கிடையாது. பாதி லாரியைத்தான் கம்பெனி செய்தது. சேஸும் எஞ்சினும் முன்பக்க மூக்கும் தொழிற்சாலையிலிருந்து வரும். டிரைவர் ஒரு பலகையில் உட்கார்ந்து, தலைக்கு மேல் எதுவுமில்லாமல், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வருவார். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஓர் ஆசாரி கேபினும் பாடியும் கட்டுவார். முதலாளி சொன்ன உயரம், ஆசாரிக்குக் கைவந்த வளைவு, அன்றைக்குக் கிடைத்த மரம். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. 'அந்த மாடல் லாரி' என்று பொதுவாக ஒன்றைச் செய்ய வழியே இல்லை. ஒரு குறிப்பிட்ட லாரியை, ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்தபடி மட்டுமே செய்ய முடியும். இந்த 'நாள்' என்ற சொல்லின் கனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படத்தை அளந்தேன். டயர்தான் அளவுகோல். 9.00-20 டயரின் வெளிவிட்டம் சுமார் 1018 மில்லிமீட்டர். ஸ்கேனில் அது 212 பிக்சல். ஆக ஒரு பிக்சல் நிஜத்தில் 4.8 மில்லிமீட்டர், என் மாடலில் 0.2. இது டயர் இருக்கும் தளத்துக்கு மட்டும் பொருந்தும். கேமராவுக்கு அருகில் உள்ளது பெரிதாகவும் தள்ளி உள்ளது சிறிதாகவும் தெரியும், அதற்குத் திருத்தம் போட வேண்டும். இரண்டு வாரம் இதிலேயே போனது. மகிழ்ச்சியான இரண்டு வாரம். நிறத்துக்குப் படம் உதவாது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். அம்மாவைக் கேட்டேன். "பச்சை. வேப்பிலைப் பச்சை இல்ல, அதுக்கும் கொஞ்சம் கறுப்பு" என்றார்.

நெற்றிப் பலகையில் 'அண்ணாமலையார் துணை' என்று எழுதியிருந்தது. கணினியில் நல்ல எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, டெக்கல் அச்சிட்டு, ஒட்டி, அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "நல்லாருக்கு. ஆனா இது நம்ம வண்டி எழுத்து இல்லையே" என்று பதில் வந்தது. ஆயாசமாக இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பழைய படத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. வண்டியோ 1971. அந்தப் பெயின்டர் எழுதிய ணா பழைய சுழித்த ணா. லையும் ணையும் தும்பிக்கை வைத்தவை. இரண்டே சொல்லில் மூன்று எழுத்து தப்பு. என் எழுத்துருவில் அந்த வடிவங்கள் இல்லை. கையால் வரைந்தேன். ஒரு பிக்சலுக்கு அழுத என் கண்ணுக்குத் தப்பியது, ஒன்பது வயதில் அந்தப் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்த அம்மாவுக்குத் தப்பவில்லை.

ஆக அம்மாவின் ஞாபகத்தை நான் மதிக்கத் தொடங்கியிருந்த நேரத்தில் அவர் சொன்னார்: "முன்னாடி பென்ஸ் ஸ்டார் இருக்கும்டா. அப்பா தினமும் காலைல அதைத்தான் மொதல்ல துடைப்பாரு."

இருந்திருக்க முடியாது. டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. பதினைந்து வருட ஒப்பந்தம். 1969இல் முடிந்தது. வண்டியின் வடிவம் உடனே மாறிவிடவில்லை, மூக்கில் இருந்த மூன்று முனை நட்சத்திரம்தான் போய் டாட்டாவின் டி எழுத்து வந்தது. (மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனதும் அதே 1969இல்தான். பெயர்ப் பலகை மாறும் வருடம் போல.) ஜனங்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் 'டாட்டா பென்ஸ்' என்றே சொன்னார்கள். அம்மா காதில் விழுந்த பெயர் கண்ணில் பார்த்த ஸ்டார் ஆகியிருக்கும் என்று முடிவு கட்டினேன். படத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், ஆயுத பூஜை படம். சரியாக அந்த இடத்தில் ஒரு தடித்த சாமந்தி மாலை தொங்குகிறது.

எழுத்தில் எனக்கு 'ஒருவேளை' என்ற சொல் இருக்கிறது. 'என்று சொல்கிறார்கள்' இருக்கிறது. ஓவியர் அந்த இடத்தை மங்கலாக விட்டுவிடலாம். மாடல் செய்கிறவனுக்கு இந்த வசதி இல்லை. பிளாஸ்டிக்கில் ஒருவேளை என்று செதுக்க முடியாது. தெரியாத ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்றை ஒட்டியாக வேண்டும். ஒட்டிய கணத்தில் அது சாட்சி சொல்லத் தொடங்கிவிடும். அதனால்தான் நாங்கள் ரிவெட் எண்ணுகிறோம். பொய்சாட்சி பயம்.

தாத்தாவிடம் அப்போது கிளீனராக இருந்தவர் சங்ககிரியில்தான் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. படத்தையும் பாதி முடிந்த மாடலையும் எடுத்துக்கொண்டு போனேன். மாடலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின் கதவுச் சங்கிலி ஒரு கண்ணி நீளம் என்றார். பிறகு ஸ்டாரைப் பற்றிக் கேட்டேன்.

"இந்தப் போட்டோவுல டி தான் கண்ணு. ஸ்டார் பொறவு வந்துது" என்றார். ஏன் என்று கேட்டேன். எனக்கு வேண்டியது ஒரு சின்னத்தின் வரலாறு. அவ்வளவுதான் நினைத்துக் கேட்டேன்.

படம் எடுத்து நாலைந்து மாதம் கழித்து, விடிகாலை, ஓமலூர் தாண்டி, சைக்கிளில் பால் கேன் மாட்டிக்கொண்டு போன ஒருவர். வண்டி புளியமரத்தில் போய் நின்றது. ஓட்டியது தாத்தா. அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. நசுங்கிய மூக்குக்குப் பதில் புதுசு வாங்கக் கையில் காசில்லை. காயலான் கடையில் ஒரு பழைய வண்டியின் முகப்பு கிடைத்தது, ஸ்டாரோடு. அதற்கு அடித்த பச்சை கேபின் பச்சையோடு கடைசிவரை சேரவில்லை. "வூட்ல யாருக்கும் சொல்லல. மரத்துல இடிச்சுட்டேன்னு சொல்லிட்டாரு. மரத்துலயும் இடிச்சுதுல்ல, பொய் இல்ல" என்றார் பெரியவர்.

அம்மா சொன்னது சரி. ஆர்.சி. புத்தகமும் சரி. நான் செய்யும் லாரி எந்த நாளின் லாரி என்பதுதான் இப்போது மிச்சம்.

டி வைக்கலாம். படத்துக்கு விசுவாசம். அந்த நாளில் பால்காரர் உயிரோடு இருக்கிறார், தாத்தா மாலை போட்ட வண்டிக்குப் பக்கத்தில் சிரிக்கிறார். ஆனால் அம்மா பார்த்து வளர்ந்த வண்டி அது இல்லை. ஸ்டார் வைக்கலாம். அம்மா சந்தோஷப்படுவார், 'நான் சொன்னேன்ல' என்பார். அவர் அறியாத ஒரு மரணத்தின் அடையாளத்தைப் பளபளவென்று செய்து பரிசாகக் கொடுத்தவனாவேன். பிளாஸ்டிக் பொய் சொல்லாது, கொடுக்கிற கை சொல்லும்.

மூன்றாவது ஒரு வழி இருந்தது, அதை நினைத்துத்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது. மஞ்சள் காகிதத்தில் குட்டிக் குட்டியாகச் சாமந்தி செய்து மாலை போட்டுவிடலாம். படத்தில் இருப்பது போலவே. யாரும் குறை சொல்ல முடியாது. இருபது பூ செய்தும்விட்டேன். ஒரு விஷயத்தை மறைப்பதற்காகத் துல்லியத்தைப் பயன்படுத்துகிறோம் என்று புரிந்ததும் கை நின்றது. ஃபோர்டு செய்தபோது இந்தத் தொந்தரவே இல்லை. அது யாரை இடித்தது என்று நான் கேட்கவில்லை. என் நேர்மை அதுவரை மலிவான நேர்மை.

செத்துப்போன தாத்தா தன்னோடு எடுத்துப் போக நினைத்ததைத் தோண்டி எடுக்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு மனம் கேட்கிறது. அந்த மனத்துக்கு நான் பாதிதான் காது கொடுக்கிறேன். பால்காரரும் செத்துப்போனவர்தான். எங்கள் குடும்பத்தின் கதைகள் எதிலும் அவர் இல்லை. அவர் இருக்கும் ஒரே இடம் அந்த நட்சத்திரமும் அதைச் சுற்றிய ஒட்டாத பச்சையும். காலையில் முதலில் அதைத் துடைத்தவர் பென்ஸ் பெருமையில் துடைத்தாரா வேறெதிலா, அதை அளக்க என்னிடம் டயர் எதுவும் இல்லை.

கட்டுரையை இதுவரை எழுதியபின் ஒன்று உறைத்தது. அம்மாவிடம் சொல்லாததை முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா இணையத்தில் கட்டுரை படிப்பவர் இல்லை என்ற தைரியம். நேற்று இரவு போன் போட்டேன். பெரியவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். குறுக்கே எதுவும் பேசவில்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஓமலூர் பக்கம் ஒரு வீட்டுக்கு மாசாமாசம் அரிசி மூட்டை போகும்டா. வண்டில ஒருநாள் நானும் போயிருக்கேன். ஒரு பாட்டி, ரெண்டு பசங்க. என் வயசுதான் இருக்கும். நம்ம சொந்தம்னே நெனச்சிட்டிருந்தேன். வண்டிய வித்தப்பறம் அவங்க யாருமே வரலையேன்னுகூட ஒருதடவ அப்பாகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்டார் வச்சிட்டியா?" என்றார்.

இன்னும் இல்லை என்றேன். முன்பக்கத்துக்கு வேறு பச்சை கலக்க வேண்டும், அது எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கொஞ்சம் நீலம் கலந்தது போல இருக்கும், வெயிலில் மட்டும் தெரியும் என்றார்.