தீர்த்தமும் கலோரியும்: நூபுர கங்கை நீராட்டின் பலன் குறித்து

குளிர்ந்த நீரில் குளித்தால் உடற்கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கை அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவியிருக்கிறது. அதன் தொடர்ச்சியாக, முன்னோர் வகுத்த தீர்த்த நீராட்டுக்குள் இந்த உடற்பயன் முன்பே அடங்கியிருந்தது என்று பெருமிதத்தோடு எடுத்துச் சொல்லும் வழக்கமும் தோன்றியுள்ளது. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. குளிர்நீர் உண்மையிலேயே உடலின் ஆற்றலைச் செலவழிக்கிறதா என்பது முதற்கேள்வி. அப்படிச் செலவழித்தாலும் அதைத் தீர்த்தத்தின் பலனாகக் கொள்ளலாமா என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு அளவைகள் விடை தரும். இரண்டாவது கேள்வியைச் சமயச் சிந்தனையே தீர்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆராய மதுரைக்கு வடக்கே உள்ள அழகர்மலையைவிடப் பொருத்தமான களம் அரிது.

திருமால் கள்ளழகராக எழுந்தருளியுள்ள கோயிலிலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய 3 கி.மீ. ஏறினால் நூபுர கங்கை என்னும் சிலம்பாறு வருகிறது. திருமால் உலகளந்தபோது பிரமன் அவர் திருவடியைக் கழுவ, காற்சிலம்பில் பட்டுத் தெறித்த நீரே இங்கு ஊற்றாகப் பெருகியது என்பது தலபுராணம். தீர்த்தத்தைக் காக்கும் தெய்வமாக ராக்காயி அம்மன் அங்கே எழுந்தருளியிருக்கிறாள். அபரஞ்சிப் பொன்னாலான அழகரின் உற்சவ மூர்த்திக்கு இந்நீரன்றி வேறு நீரால் திருமஞ்சனம் செய்தால், அதாவது நீராட்டினால், மேனி கறுத்துவிடும் என்ற நம்பிக்கை இன்றளவும் போற்றப்படுகிறது. ஐப்பசியில் நடக்கும் தைலக்காப்புத் திருவிழாவின்போது அழகரே மலையேறி வந்து இத்தீர்த்தத்தில் நீராடுகிறார்.

இனி முதற்கேள்வி. மனித உடல் தன் உள்வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸ் அளவில் காத்துக்கொள்ள முயல்வது. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், குளிர்நீரில் இறங்கியவுடன் உடல் வெப்பத்தை இழக்கிறது. இழந்ததை ஈடுசெய்ய இரண்டு வழிகளில் ஆற்றலை எரிக்கிறது. தசைகள் தாமே அதிர்ந்து வெப்பம் உண்டாக்கும் நடுக்கம் ஒரு வழி. பழுப்புக் கொழுப்பு என்னும் தனிவகைத் திசு, தன்னுள் இருக்கும் எரிபொருளை நேரடியாக வெப்பமாக மாற்றுவது மற்றொரு வழி. பச்சிளங் குழந்தைகளிடம் மிகுந்து காணப்படும் இத்திசு வளர்ந்தோரிடமும் செயல்படுகிறது என்பது 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தலை வெளியே இருக்க ஒரு மணி நேரம் நீரில் அமர்ந்திருந்தவர்களின் வளர்சிதை மாற்றம், அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம், 32 டிகிரி நீரில் மாறவில்லை. 20 டிகிரி நீரில் 93 விழுக்காடும் 14 டிகிரி நீரில் 350 விழுக்காடும் உயர்ந்தது. ஆகவே குளிர்நீர் கலோரியை எரிக்கிறது என்ற கூற்று பொய்யன்று.

ஆயினும் அளவைக் கருத வேண்டும். ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலே உணவைப் பற்றிய பேச்சில் ஒரு கலோரி எனப்படுவது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா இருக்கும்போது மணிக்கு ஏறக்குறைய 65 கலோரி செலவாகும் என்று கொண்டால், 20 டிகிரி நீரில் பத்து நிமிடம் இருப்பதால் கூடுதலாகச் செலவாவது சுமார் 10 கலோரி. ஓர் இட்லியில் கால் பங்குக்கு மேல் அது தேறாது. ஊற்றுநீரின் வெப்பம் பொதுவாக அவ்விடத்து ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே அமைவதாலும், மதுரைச் சமவெளி ஆண்டு முழுவதும் வெம்மை மிகுந்தது என்பதாலும், அதிகம் உயரமில்லாத அழகர்மலையின் ஊற்று பனிநாட்டு ஏரிபோல் உறைய வைப்பதன்று. வரிசையில் நின்று, சில நிமிடம் தலையில் நீரேற்று, அடுத்தவருக்கு இடம்விட்டு நகரும் அடியவரின் உடலில் இந்நீராட்டு எரிக்கும் கலோரி மிகச் சொற்பமே.

எரிந்த சொற்பத்தையும் பசி திரும்பப் பெற்றுவிடுகிறது. 2005ஆம் ஆண்டு புளோரிடா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், 20 டிகிரி நீருக்குள் மிதிவண்டிப் பயிற்சி செய்த ஆண்கள், 33 டிகிரி நீரில் அதே பயிற்சியைச் செய்தபோது உண்டதைக் காட்டிலும் 44 விழுக்காடு அதிகமாக உண்டனர். அழகர்மலையில் இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நீராடி இறங்கும் அடியவரின் கைக்கு வரும் கோயில் பிரசாதம், உளுந்தும் அரிசியும் மிளகும் கலந்து, நெய்யில் தடிமனாக வெந்து, ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும் அழகர்கோவில் தோசை. அதில் ஒரு விள்ளலே நீராட்டின் கணக்கை நேர்செய்துவிடும். இதய நோயும் இரத்த அழுத்தமும் உடையோர் திடீரெனக் குளிர்நீரில் இறங்கினால் மூச்சுத் திணறலும் அழுத்த உயர்வும் நேரலாம் என்பதையும் இங்கே மறக்கலாகாது.

இரண்டாவது கேள்வி இதனினும் ஆழமானது. வியப்பு என்னவெனில், அதே கேள்வி இதே மலையைக் குறித்துச் சிலப்பதிகாரத்திலேயே எழுப்பப்பட்டு விடையும் பெற்றிருக்கிறது. காடுகாண் காதையில் மதுரை செல்லும் வழிகளை விவரிக்கும் மாங்காட்டு மறையோன், திருமால்குன்றத்துப் பிலத்தில், அதாவது குகைவழியில், மூன்று பொய்கைகள் இருப்பதாகச் சொல்கிறான். அழகர்மலையே அக்குன்றம் என்பது அறிஞர் பலரின் துணிபு. புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரன் இயற்றிய ஐந்திரம் என்னும் இலக்கண நூலறிவு வாய்க்கும். பவகாரணியில் மூழ்கினால் பழம்பிறப்பு விளங்கும். இட்டசித்தியில் மூழ்கினால் எண்ணியவை எல்லாம் கைகூடும் என்பது அவன் தரும் பலன்பட்டியல். அதைப் பொறுமையோடு கேட்ட சமணத் துறவி கவுந்தியடிகள், அந்நூலறிவைத் தம் அருகனின் ஆகமத்தில் காணலாம் என்றும், பழம்பிறப்பின் வினை இப்பிறப்பின் வாழ்விலேயே தெரியும் என்றும், வாய்மை வழுவாமல் பிற உயிரைப் பேணுவோருக்குக் கிட்டாத பொருள் ஏதுமில்லை என்றும் கூறிப் பிலம் புகுவதை மறுத்துவிடுகிறார். ஒழுக்கத்தால் பெற வேண்டியதை ஒரு முழுக்கால் பெற்றுவிட முடியாது என்பது அம்மறுப்பின் சாரம். நான்காவது பலனாகக் கொழுப்புக் கரைவதைச் சேர்க்கும் இக்காலத்தாருக்கும் அவ்விடை அப்படியே பொருந்துகிறது.

இதைச் சமணர் கருத்து என்று ஒதுக்கவும் இயலாது. வைணவத் தலபுராணமே இதனை வேறொரு கதையால் வற்புறுத்துகிறது. நூபுர கங்கையில் நீராடிக்கொண்டிருந்த சுதபஸ் முனிவர், அவ்வழி வந்த துர்வாசரைக் கவனித்து வரவேற்கத் தவறியதால் மண்டூகமாக, அதாவது தவளையாக, ஆகும்படி சபிக்கப்பட்டார். அவருக்கு விமோசனம் தரவே அழகர் சித்திரைத் திருவிழாவில் மலையிறங்கி வைகைக்கு வருகிறார் என்பது மதுரை மக்கள் அனைவரும் அறிந்த செய்தி. புனித நீரில் நின்றும், வந்தவரைக் காணத் தவறியவரை அந்நீர் காக்கவில்லை.

அதனால் உடலைச் சமயம் பொருட்படுத்தவில்லை என்று முடிவு கட்டுதல் பிழை. அழகர்மலையாகிய திருமாலிருஞ்சோலையைப் பாடிய நம்மாழ்வார், இளமை கெடுமுன்பே இம்மலையை அடையும்படி நெஞ்சங்களை அழைக்கிறார். வலிமையுள்ள உடல் வழிபாட்டுக்குரிய கருவி என்ற தெளிவு அதில் உண்டு. மலைப்பாதையை நடந்தே ஏறுபவர் நூறு கலோரிக்கு மேல் செலவிடுகிறார்; அது பத்து நிமிட நீராட்டைப்போல் பத்து மடங்கு. உடல்நலம் நாடுவோர் வாகனத்தைக் கீழே விட்டுவிட்டு நடப்பதே முறை.

குளிர்நீரில் ஆடுதலின் நோக்கம் என்னவாக இருந்தது என்பதற்குப் பரிபாடல் தெளிவான சான்று தருகிறது. அதன் பதினோராம் பாடலில், பனிக்காலத்து வைகையில் அம்பா ஆடல் என்னும் நோன்பு நீராட்டை மேற்கொண்ட மதுரைக் கன்னியர், கரையில் வேதியர் வளர்த்த தீயைப் பேணி, ஈர உடை புலர நிற்கின்றனர். குளிரில் நடுங்கிய அவர்கள் முதலில் வேண்டியது, இவ்வகன்ற நிலம் வெப்பத்தால் வாடாதிருக்க வேண்டும் என்பதே. திருப்பாவையின் மார்கழி நீராட்டும் நாடு முழுவதற்கும் மழை வேண்டுவது. தம் உடல் ஏற்ற குளிரைப் பிறர் நலத்துக்காக ஒப்படைக்கும் இம்மனநிலையே நோன்பு எனப்பட்டது. தமக்கு இலாபம் பார்க்கும் கணக்கு அதில் நுழைந்த அளவுக்கு நோன்பு குறைகிறது.

ஆகவே நூபுர கங்கையின் நீர் சில கலோரிகளை எரிப்பது மெய். அதற்காகத் தீர்த்தமாடுதல் அத்தீர்த்தத்தை அறியாமை. எடை குறைய விரும்புவோர் நடக்கட்டும், அளவறிந்து உண்ணட்டும். தீர்த்தமாட வருவோர் பலன்பட்டியலைக் கரையில் விட்டு இறங்கட்டும். வறண்ட இச்சமவெளியில் நீர் சுரந்துகொண்டிருப்பதற்கு நன்றி சொல்லட்டும். துணியையும் நெகிழியையும் ஊற்றில் விடாமல், பின்னே நிற்பவருக்கு வழிவிட்டு வெளியேறட்டும்.