கையில் தங்கும் வித்தை

ஒருவன் கற்ற வித்தை அவனிடம் எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டால், மனத்தில் என்போம், கையில் என்போம், பூர்வ ஜன்ம வாசனையில் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். ஆனால் கற்றதையும் சேர்த்ததையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் அதிகம் இல்லை. பட்டம், பதவி, வேலை பார்த்த வருஷங்கள், கூடவே நின்று உதவும் கருவிகள், பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் மரியாதை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ‘என் தகுதி’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்த மூட்டையை ஒருநாள் யாரேனும் பிடுங்கிக்கொண்டால் கையில் என்ன மிஞ்சும் என்று பரீட்சை செய்து பார்க்கும் சந்தர்ப்பம் எளிதில் வாய்ப்பதில்லை. எனக்கு அதை அளித்தது ஒரு வீடியோ கேம்.

ஹிதெடகா மியாசாகியின் இயக்கத்தில், ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2019 மார்ச் 22 அன்று வெளிவந்த ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ என்பது அதன் பெயர். செங்கோகு எனப்படும் உள்நாட்டுப் போர் யுகத்தின் அந்திமக் காலத்தில், அஷினா என்ற கற்பனை மலைநாட்டில் கதை நடக்கிறது. ஓநாய் என்று அழைக்கப்படும் ஒரு ஷினோபி, அதாவது நின்ஜா, மரணத்தை வெல்லும் தெய்வீக ரத்தம் ஓடும் குரோ என்ற சிறுவனைக் காக்கப் பிரதிக்ஞை செய்திருக்கிறான். தொடக்கத்திலேயே அவனுடைய இடக் கை வெட்டுண்டு போகிறது. மரத்தில் புத்தர் சிலைகளைச் செதுக்கிக்கொண்டிருக்கும் வயோதிகச் சிற்பி ஒருவர் அவனுக்கு ஒரு செயற்கைக் கையைப் பொருத்துகிறார். வலக் கையில் குசபிமாரு என்ற வாள். கடைசிவரை அவன் நம்பி நிற்பது அது ஒன்றைத்தான்.

இந்த ஒற்றை வாளில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. மியாசாகியே இயக்கி 2011இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டில் ஒரு எதிரியை வெல்ல இயலவில்லை என்றால், வேறு திசையில் போய்ச் சிறு சத்துருக்களை வதைத்து, கிடைத்ததைச் செலவிட்டு லெவலை ஏற்றிக்கொண்டு, கனத்த கவசமோ நீண்ட ஆயுதமோ தேடிப் பிடித்து, அதுவும் போதாதபோது வேறொரு ஆட்டக்காரரைத் துணைக்கு அழைத்து, முன்பு மலைபோல் நின்றவனைப் பலத்தாலேயே சாய்த்துவிட முடியும். செகிரோவில் இந்த வழிகள் ஏறக்குறைய எல்லாமே அடைக்கப்பட்டிருக்கின்றன. துணைக்கு ஆள் கிடையாது. தாக்கும் பலம் கூட வேண்டுமானால் பெரிய எதிரிகளை வென்றாக வேண்டும். ஆயுள் கூட வேண்டுமானால் ஜபமணிகள் நான்கு சேர வேண்டும், அவையும் பெரும்பாலும் வலியவர்களின் காவலில்தான் இருக்கின்றன. கதை வெகுதூரம் சென்ற பிறகு கிடைக்கும் ஒரு விதிவிலக்கைத் தவிர்த்தால், உழைத்துச் சேர்த்த பொருளைக் கொடுத்துப் பலத்தை வாங்கும் வசதி இங்கே இல்லை. ஆகவே திரையில் இருக்கும் ஓநாய் வளர்வதைக் காட்டிலும், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் மனுஷன்தான் வளர்ந்தாக வேண்டியிருக்கிறது.

அந்த வளர்ச்சி எப்படி நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். எதிரியின் வாள் வந்து விழுகிற சரியான க்ஷணத்தில் காப்புப் பட்டனை அழுத்தினால், ஆரஞ்சு நிறத்தில் பெரிய பொறி பறக்கும். கூடவே கணீரென்று ஓர் உலோக நாதம் எழும். சற்று முன்னதாக அழுத்திப் பிடித்திருந்தாலும் அடி தடுக்கப்படும், ஆனால் ஓசை மந்தமாகிவிடும். ஒவ்வொருவருக்கும் உயிரின் அளவு தவிர, ‘போஸ்ச்சர்’ என்று இன்னொரு அளவும் உண்டு; காலூன்றி நிலைகொள்ளும் வலிமை என்று அதைச் சொல்லலாம். அது குலைந்தவனை ஒரே குத்தில் முடித்துவிட முடியும். மந்தமாகத் தடுத்தால் நம் நிலை வேகமாகக் குலைகிறது. கணீரென்று தடுத்தால் அடித்தவனுடைய நிலை குலைகிறது. இன்னொரு விதியையும் இதோடு சேர்த்திருக்கிறார்கள்: நம் நிலை முழுவதும் குலைந்து போகும் விளிம்பில் நிற்கும்போதுகூட, சரியான க்ஷணத்தில் ஏற்கப்பட்ட அடி நம்மை ஒருபோதும் வீழ்த்துவதில்லை. இதற்கு மறுதலையாக, பயந்துபோய்ப் பட்டனைப் படபடவென்று தட்டினால், ஏதாவது ஒன்று வேளைக்குப் பொருந்திவிடும் என்ற நம்பிக்கை பலிக்காமல், அந்தச் சரியான க்ஷணத்தின் அகலத்தையே விளையாட்டு குறுக்கிவிடுகிறது. பதற்றத்துக்கு இவ்வளவு நேரான தண்டனையை வேறெங்கும் நான் கண்டதில்லை. பின்வாங்கி ஓடி இளைப்பாறலாம் என்றாலோ, நாம் விலகி நிற்கும் அதே நேரத்தில் எதிரியும் தன் நிலையை மீட்டுக்கொண்டுவிடுகிறான். இதுவரை பட்ட பிரயாசை வீணாகிறது. விலகாதே, பதறாதே, காலம் தவறாதே என்று எந்த உபதேசியும் வந்து வாயால் சொல்வதில்லை. விதிகளின் அமைப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

கண்ணால் பார்த்துக் கையை அசைப்பவனுக்கு இந்த வித்தை வசப்படாது. தாளம் போடுகிறவன் அடுத்த தட்டு எங்கே விழும் என்று தேடிக்கொண்டிருப்பதில்லை; காலப்பிரமாணம் அவனுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பதால் கை தானாகப் போய் விழுகிறது. எதிரியின் தொடர் வெட்டுகளும் அப்படித்தான் ஒருவனுக்குள் குடியேற வேண்டும். இதற்காகவே சிற்பி தங்கியிருக்கும் பாழடைந்த கோவிலின் வெளியே ஹன்பெய் என்று ஒருவன் நிற்கிறான். சாக முடியாத சாபம் பெற்றவன். அதனால் அஞ்சாமல் வந்து தன்மேல் வாள் பழகிக்கொள்ளும்படி வழிப்போக்கனிடம் தன் உடலையே ஒப்படைக்கிறான். நாம் வெட்டுகிறோம், அவன் விழுகிறான், எழுந்து மறுபடியும் எதிரே நிற்கிறான். பிற்பாடு, சாகாதவரையும் மாய்க்க வல்ல வாள் ஓநாயின் கைக்கு வந்தபின், தனக்கு அந்த விடுதலையை அளிக்கும்படி அவன் கேட்கிறான். நமக்கு அப்பியாசம் செய்வித்தவனுக்கு நாம் செலுத்தக்கூடிய தக்ஷிணை அவனுடைய மரணம்தான் என்று கதாசிரியர்கள் வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அஷினா கோட்டையின் உச்சியில் காத்திருக்கும் கெனிசிரோதான் இந்த விளையாட்டின் உண்மையான பரீட்சை என்பது பலருடைய அபிப்பிராயம், என்னுடையதும் அதுவே. ஓநாயின் கையை ஆதியில் துண்டித்தவன் அவன்தான். தூரத்தில் நின்றால் வில்லை எடுக்கிறான். கிட்டே போனால், எங்கே முடியும் என்று தெரியாதபடி நீண்டுகொண்டே போகும் வெட்டுகளைத் தொடுக்கிறான். மேலே எம்பி வாளை ஓங்கி இறங்கியவுடன், ஆபத்தை அறிவிக்கும் சிவந்த எழுத்து ஓநாயின் தலைக்கு மேல் தோன்றும். அடுத்து வருவது நேரே பாயும் குத்தாகவும் இருக்கலாம், காலை வாரும் வீச்சாகவும் இருக்கலாம். குத்தானால், அதை நோக்கியே ஓர் அடி முன்னே வைத்து அவன் வாளைக் காலால் மிதித்து அமிழ்த்த வேண்டும். வீச்சானால், மேலே குதித்து அவன் தலைமேல் உதைக்க வேண்டும். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். அவன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, வாள் எங்கே பின்வாங்குகிறது என்பதைப் பார்த்து, நினைப்பதற்கே நேரம் போதாத அந்த இடைவெளியில் தீர்மானம் செய்தாக வேண்டும். இரண்டு முறை அவனை வீழ்த்தினால், கவசத்தைக் களைந்தெறிந்து மின்னலை ஏவத் தொடங்குகிறான். தரையில் நின்றபடி அதைத் தடுக்க முனைகிறவன் துடித்துப் போவான். ஆகாயத்தில் இருக்கும்போது அந்த இடியை வாளில் வாங்கி, பாதம் பூமியைத் தொடுவதற்கு முன் அவன்மேலேயே திருப்பி வீச வேண்டும். இதையெல்லாம் முதன்முதல் கேட்பவனுக்கு அசாத்தியம் என்றே படும். அந்தப் போரை வென்ற நாளில் என்னைத் தீண்டியது வெற்றிக் களிப்பு அல்ல. இத்தனையையும் செய்தது நானா என்ற வியப்பு. ஏனெனில் செய்துகொண்டிருந்தபோது, செய்கிறோம் என்ற பிரக்ஞையே எனக்கு இல்லை.

ஆனால் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்தது அங்கே அல்ல. முழுக் கதையையும் முடித்துவிட்டுச் சில காலம் கழித்து, சேர்த்தது எதையும் எடுத்துச் செல்லாமல், முற்றிலும் புதிதாக மறுபடியும் ஆரம்பித்தபோதுதான் அது புரிந்தது. ஓநாய் பழையபடி எளியவன். ஜபமணி இல்லை, கற்ற நுணுக்கங்கள் இல்லை, செயற்கைக் கையும் இன்னும் பொருத்தப்படவில்லை. நாணற்புல் வெள்ளியாக மின்னும் அந்த நிலாவெளியில், இன்னும் யாரென்றே தெரியாத கெனிசிரோ எதிரே வந்து நிற்கிறான். முதன்முறை வருகிறவர்கள் தோற்பதற்காகவே வைக்கப்பட்ட போர் அது. அங்கே அந்த எளிய ஓநாய், அனுபவம் ததும்பும் கிழவனைப் போல அவனுடைய ஒவ்வொரு வெட்டையும் கணீர் கணீரென்று வாங்கித் திருப்பினான். பாத்திரம் அனைத்தையும் மறந்துவிட்டது, கை மறக்கவில்லை. பிடுங்க முடிந்தவை எல்லாம் பிடுங்கப்பட்ட பிறகும் மிஞ்சியது எதுவோ அதுதான் கற்றது; மற்றவை யாவும் சேர்த்தவை.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த முதற்போரில் கெனிசிரோவை வென்றுவிட்டாலும் கை தப்புவதில்லை. மறைந்திருக்கும் ஒருவன் ஆயுதத்தை எறிந்து ஓநாயின் கவனத்தைக் கலைக்க, அந்த நொடியில் கெனிசிரோ கையை வெட்டிவிடுகிறான். கதை தான் போகவேண்டிய வழியில் போகிறது. திறமை முதிர்ந்தால் விதி விலகிக்கொள்ளும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோமே, அந்தப் பொய்யை இந்த விளையாட்டு சொல்ல மறுத்துவிட்டது. தேர்ந்தவனும் கையை இழக்கிறான், தேராதவனும் இழக்கிறான். இழப்பதற்கு முன் நன்றாகப் போரிட்டான் என்பது மட்டுமே வித்தியாசம். அது சிறிய வித்தியாசம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எளிய நிலை, கடின நிலை என்று தேர்ந்துகொள்ள இதில் வழி வைக்காதது சரியா என்று வெளியான காலத்திலேயே பெரிய விவாதம் எழுந்தது. கைநடுக்கம் உள்ளவர்களும், பார்வை மங்கியவர்களும், விரல்களின் சுவாதீனம் குறைந்தவர்களும் தங்களுக்கு ஒரு வாசல் திறக்க வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயமே. அதை மறுத்து ஒரு கலைப்படைப்பின் கௌரவத்தைக் காப்பாற்றிவிட முடியாது. மாறாக, கடுமையை மேலும் வேண்டுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த சுற்றிலிருந்து, குரோ தந்த ரக்ஷையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதன்பின், சரியான க்ஷணத்தில் அமையாத தடுப்பு ஒவ்வொன்றும் உயிரைச் சிறிது கரைக்கும்.

கற்ற வித்தை பாத்திரத்துடையது அல்ல, என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால், அதனால் விளைவதும் என்னுடையதாகிவிடும் அல்லவா? கதையின் ஒரு கட்டத்தில், ஓநாயை எடுத்து வளர்த்த தந்தை, குரோவைக் கைவிடும்படி ஆணையிடுகிறார். தந்தை சொல்லைத் தட்டாதே என்பது ஷினோபியின் முதல் விதி. பணிவதா, மறுப்பதா என்று நம்மிடமே கேட்கப்படுகிறது. பணிந்தால், காப்பதற்கென்று இத்தனை பிரயத்தனத்தோடு பழகிய அதே கை, கொல்வதில் இன்பம் காணும் ஷுரா என்ற அரக்க நிலைக்குச் சென்று விழுகிறது. கதையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த முடிவை அடைவதற்கும் அதே நிதானம், அதே கணீரென்ற தடுப்பு, அதே தேர்ச்சி வேண்டும். சிற்பியும் அந்தப் பள்ளத்தின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்தான். அதனால்தான் அவர் எத்தனை புத்தர்களைச் செதுக்கினாலும் ஒவ்வொரு முகத்திலும் கோபமே வந்து உட்காருகிறது. தேர்ச்சி தன்னளவில் ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்ற எண்ணம், சங்கீதம் முதல் சாஸ்திர ஆராய்ச்சி வரை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது சரியல்ல என்பதே என் முடிவு. கை யாருக்காக ஓங்கப்படுகிறது என்ற தீர்மானத்தை அப்பியாசம் ஒருநாளும் நமக்காகச் செய்து தராது. அதைத் தனியாக, அந்த இடத்தில் நின்றுதான் நாம் செய்தாக வேண்டும்.

இந்த விளையாட்டை முடித்தவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பழைய ‘சேவ்’ கோப்பைப் பத்திரமாக அப்படியே வைத்துவிட்டு, ஒரு முறையாவது ஒன்றும் இல்லாதவராக முதலிலிருந்து தொடங்குங்கள். விளையாடாதவர்களும் தங்கள் தொழிலில் இதைச் செய்து பார்க்கலாம்: தச்சரானால் மிஷினை ஒருநாள் ஒதுக்கிவிட்டு உளியை எடுங்கள், ஆசிரியரானால் குறிப்பேட்டை வீட்டில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.