உடைந்த சாடியும் நம்ம சட்டியும்

இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, இரண்டு கோப்பை ஒயினும் குடித்துவிட்டு வருவது ஒழுக்கக்கேடா? இப்படிக் கேட்டால் நம்ம தோழர்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள். பஞ்சமி நிலம் பறிபோய்க் கிடக்கிறது, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, இதில் சுற்றுலாக்காரன் சோறு ஒரு கேள்வியா என்பார்கள். கேள்விதான் என்கிறேன். ஒரு சமூகம் எதை ‘ருசி’ என்கிறது, எதை ‘கெட்ட பழக்கம்’ என்கிறது, எதை ‘பாரம்பரியம்’ என்கிறது, எதை ‘குப்பை’ என்கிறது என்பதில்தான் சாதி தன்னுடைய அன்றாட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கோயில் வாசலில் மட்டும் அது நிற்பதில்லை. சாப்பாட்டு மேசையிலும் நிற்கிறது.

கார்த்திகை தீபம் முடிந்து மாசி வரைக்கும் திருவண்ணாமலையில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். செங்கம் ரோட்டு ஆசிரமங்களைச் சுற்றி வாடகை அறைகள், சைக்கிள் கடைகள், காபிக் கடைகள். தியானம் அலுத்துப்போனவர்களுக்கு ஒருநாள் பயணம் என்று ஒன்றை இங்கே ஏற்பாடு செய்து தருகிறார்கள். விடிகாலையில் கார் கிளம்பும். செஞ்சிக் கோட்டையைக் கீழே நின்று பார்ப்பது. பிறகு திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. அரிக்கமேட்டில் ‘ரோமானியத் துறைமுகம்’. மதியம் வெள்ளைக்காரத் தெருவில் பிரெஞ்சுச் சாப்பாடு, ஒயினோடு. இருட்டுவதற்குள் மலையடிவாரம். இத்தாலியிலும் பிரான்சிலும் ரோமானிய இடிபாட்டையும் திராட்சைத் தோட்டத்து விருந்தையும் ஒரே சீட்டில் விற்பார்களாம். அதே சரக்கு, நம்ம ஊர்ப் பொட்டலத்தில்.

1

முதலில் அரிக்கமேடு என்ன என்று பார்த்துவிடுவோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் நாலு கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பு ஊரை ஒட்டிய மேடு அது. 1930களில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய் இங்கே ரோமப் பேரரசன் அகஸ்டசின் தலை செதுக்கிய மணிக்கல் ஒன்றைக் கண்டு சொன்னார். ஊர்ப்பிள்ளைகள் மேட்டில் பொறுக்கி விளையாடிய மணிகள் வழியாகத்தான் அவருக்கு இந்த இடத்தின் மதிப்பு தெரிந்தது என்று சொல்வார்கள். 1944இல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றில் ஒரு ரோமானியச் சாடியின் உடைந்த துண்டைப் பார்க்கிறார். அந்தத் துண்டின் தடம் பிடித்து 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டுகிறார். பிறகு 1947 முதல் 1950 வரை கசால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழு.

கிடைத்தவை என்ன? இத்தாலியின் அரெட்சோ வகைச் சிவப்புப் பாண்டங்கள். ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் கொண்டுவந்த, இரண்டு பிடி வைத்த சாடிகள். அந்த ஒயின் சாடிகளில் பல, கிரேக்கத் தீவான கோஸ் பாணியில் செய்தவை. அவற்றோடு நம்ம மண்ணில் வனைந்த சட்டி பானைகள், அவற்றில் தமிழ் பிராமி எழுத்துக் கீறல்கள். கண்ணாடி மணியும் கல்மணியும் செய்த பட்டறைகளின் கழிவு. சாயத்தொட்டி என்று வீலர் கருதிய செங்கல் தொட்டிகள்.

இந்த இடத்தை இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்றார் வீலர். ரோமக் கப்பல் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் குடியிருந்தார்கள், அந்த வணிகம் ஓய்ந்த பிறகும் இருந்தார்கள் என்பதைப் பிந்தைய ஆய்வு காட்டியது. அதாவது அது ரோமாபுரியின் துண்டு அல்ல. மணி கோத்தவர்களும் சாயம் தோய்த்தவர்களும் பானை வனைந்தவர்களும் வாழ்ந்த ஊர். அங்கே வெளிநாட்டுச் சரக்கும் வந்து இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் ‘மணி கோர்த்தவர்களின் ஊர்’ என்று அச்சடித்தால் சீட்டு விற்காது. ‘ரோம்’ என்றால் விற்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். இன்று மேட்டில் செங்கல் தூண்களோடு நிற்பது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம். அதன் முன்னால் நின்றுதான் ‘ரோமானிய இடிபாடு’ என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காலடியில் இருப்பது தெரிவதில்லை.

2

புறநானூற்றின் 56ஆம் பாட்டைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடியது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவை வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, அரசன் குடித்து மகிழ்ந்திருக்கட்டும் என்று அதில் வாழ்த்து வருகிறது. எம்.ஏ. வகுப்பில் இந்தப் பாட்டை எங்களுக்கு நடத்தியபோது தமிழர் வாணிகச் சிறப்பு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதிக்கொண்டோம்.

பாட்டில் குடித்தவன் பெயர் இருக்கிறது. பாடியவர் பெயர் இருக்கிறது. மதுவைக் கொண்டுவந்தவன் இன்ன நாட்டான் என்று இருக்கிறது. ஊற்றிக் கொடுத்த பெண்களுக்கு வளையல் இருக்கிறது, பெயர் இல்லை. கப்பலிலிருந்து சாடியைத் தோளில் சுமந்து இறக்கினவனுக்கு வளையல்கூட இல்லை. அவன் பாட்டுக்குள்ளேயே வரவில்லை. கைதவறிச் சாடி உடைந்தால் அடி வாங்கியவன் அவனாகத்தான் இருப்பான். ஆனால் அந்த உடைந்த சாடிதான் ஈராயிரம் வருசம் கழித்து மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. அரசன் குடித்த பொற்கலம் வரவில்லை.

தொல்லியல் என்பது என்ன? குப்பையைப் படிப்பது. ஒரு ஊர் வேண்டாமென்று கொட்டியதை வைத்து அந்த ஊரைத் தெரிந்துகொள்வது. மேல்தட்டு எழுதி வைத்ததில் நமக்கு இடமில்லை. எறிந்ததில் இடமிருக்கிறது. காலங்காலமாக இந்தச் சமூகத்தின் குப்பையை அள்ள வைக்கப்பட்டவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஒரு வீட்டின் வாசலைப் பார்த்தவனைவிட அதன் புழக்கடையைப் பெருக்கியவளுக்கு அந்த வீட்டைப் பற்றி அதிகம் தெரியும்.

3

போன தை மாதம் இப்படி ஒரு பயணத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல நானும் போனேன். நாலு பேர், நல்ல மனுசங்க. கார் ஓட்டின தம்பி எங்க பக்கத்துக் காலனிப் பையன். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட உள்ளே போனவர்கள் வெளியே வர மூணு மணி ஆயிற்று. எனக்கு உள்ளே நாற்காலி உண்டு, மொழி தெரிந்தவன் என்பதால். தம்பிக்கு இல்லை. ‘டிரைவருக்கு வெளியில’ என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். தெருவோரம் காரில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டி வந்த புளிசோற்றைத் தின்றான். ‘வாடா உள்ள’ என்றேன். ‘வேணாண்ணா, நீ போய் துன்னு. எனக்கு இன்னாத்துக்கு வம்பு, நாளைக்கு வண்டி குடுக்க மாட்டாங்க’ என்றான்.

உள்ளே மேசைக்கு வந்தது மாட்டுக்கறி. அதற்குப் பிரெஞ்சுப் பேர், நடுவில் லேசாகச் சிவந்திருந்தது, பக்கத்தில் சிவப்பு ஒயின். எந்தக் கறிக்கு எந்த ஒயின் என்று பரிமாறுகிறவர் பொறுமையாக விளக்கினார். அருமையான கறிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே கறியை எங்க ஆயா உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் காயவைத்தால் ஊர்த்தெரு மூக்கைப் பொத்துகிறது. 2022இல் ஆம்பூரில் அரசு நிர்வாகமே பிரியாணித் திருவிழா ஏற்பாடு செய்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் விழாவையே தள்ளிவைத்தார்கள். கறி ஒன்றுதான். தட்டு மாறினால் தீட்டு போய்விடுகிறது.

ஒயினுக்கும் இதே கதை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. பனைமரம் அப்படியே நிற்கிறது, ஏறினால் குற்றம். ஆனால் 2003இலிருந்து அரசே சில்லறைக்குச் சாராயம் விற்கிறது. கம்பி வலைக்குள் கையை நீட்டிக் காசைக் கொடுத்துப் புட்டியை வாங்க வேண்டும். உட்காரச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. எந்தக் கறிக்கு எது பொருந்தும் என்று யாரும் விளக்குவதில்லை. அதுக்கும் காசில்லாதவன் கள்ளச்சாராயத்துக்குப் போகிறான். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர். மெத்தனால். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், நம்ம சனங்கள் ஏராளம். அரசு ஆளுக்குப் பத்து லட்சம் அறிவித்ததும் ‘குடிச்சி செத்தவனுக்குப் பத்து லட்சமா’ என்று படித்தவர்கள் கேட்டார்கள். பாண்டியன் குடித்தால் பாட்டு, பயணி குடித்தால் பண்பாடு, மூட்டை தூக்குகிறவன் குடித்தால் மட்டும் அவன் சாவுக்கு அவனே பொறுப்பு.

குடியை நான் நியாயப்படுத்தவில்லை. நம்ம சேரிகளில் குடி எத்தனை பெண்களின் தாலியையும் உழைப்பையும் தின்றது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குடிக்கு எதிராக நம்ம பெண்கள் பேசினால் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அந்தப் பேச்சு வேறு, மேலிருந்து வருகிற இந்த ஒழுக்கப் பேச்சு வேறு. ஒரே பொருள் ஒருவனுக்கு ருசியாகவும் இன்னொருவனுக்குக் குற்றமாகவும் இருக்குமானால், நல்லது கெட்டதைப் பிரிப்பது அங்கே பொருளல்ல, ஆள். ஆளைப் பார்த்துப் பிரிக்கிற ஒழுக்கத்துக்குப் பேர் ஒழுக்கமல்ல, சாதி.

4

இந்தப் பயணங்களைப் பற்றி இயக்கத்துக்குள் பேசினால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன.

ஒன்று, பழங்கதை நமக்கெதற்கு என்பது. இடிபாடு பணக்காரன் பொழுதுபோக்கு, விட்டுத்தள்ளு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் விட்டுத்தள்ளினால் அது சும்மா கிடக்காது, வேறொருவன் பேரில் பட்டா ஆகும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. எந்தத் தலைப்பில்? மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற 12 கோட்டைகளின் பட்டியலில். எந்த அரசன் பிடித்தான், எவன் இழந்தான் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அத்தனை உயரத்துக்குக் கருங்கல்லை ஏற்றியவன் யார் என்பது பேச்சிலேயே இல்லை.

இரண்டாவது பதில் இன்னும் கவர்ச்சியானது. அது நம்முடையது, நாமே ஆண்டோம், நாமே பௌத்தர்கள் என்பது. இதற்கு ஆதாரமில்லாமலும் இல்லை. காக்காயன்தோப்பில் ஒரு பழைய புத்தர் சிலை உண்டு. பிர்மன் கோயில் என்று ஊரார் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்தீய் அப்போதே அதைப் பார்த்து எழுதினார். நம்மைப் பூர்வ பௌத்தர் என்று சொல்லி, 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் வந்தவர்கள் அந்தப் புத்தர் முன்னால் நின்றால் நெஞ்சு நெகிழத்தான் செய்யும். எனக்கும் நெகிழ்ந்தது.

ஆனால் உரிமையை மூதாதையின் பெருமையில் கட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. என் பாட்டன் அரசனாக இருந்ததால்தான் எனக்கு மரியாதை என்றால், பாட்டன் சாடி சுமந்தவனாக இருந்தால் மரியாதை இல்லை என்றாகிவிடும். அது அவர்கள் கணக்கு. பிறப்பை வைத்துப் போட்ட கணக்கை, விடையை மட்டும் மாற்றி நாமும் போடுவதா? அண்ணல் அம்பேத்கர் 1956இல் புத்தரிடம் போனது, அங்கே பிறப்பு செல்லாது என்பதால்தானே. சுமந்தவனாகவே இருக்கட்டும். சுமந்தவனுக்கு அந்த மேட்டில் உரிமை உண்டு. இதுதான் என் கட்சி.

5

அப்படியானால் பார்க்க வருகிறவன் என்ன செய்ய வேண்டும்? பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. இன்பத்தைக் குற்றமாக்குவது நம்ம வேலையல்ல. நம்மிடமிருந்து பிடுங்கப்பட்டதே அதுதான். பார்ப்பவனுக்கு ஒரு கடன் உண்டு என்கிறேன். செத்தவர்களின் உழைப்பை வியந்துவிட்டு, உயிரோடு இருப்பவனின் உழைப்பைத் தெருவோரம் நிறுத்திவிட்டுப் போகிறவன் இடிபாட்டைப் பார்த்தவன் அல்ல. ஈராயிரம் வருசத்துக்கு முன்னால் சாடி இறக்கியவனைப் பற்றி உருகுவது சுலபம், அவன் கூலி கேட்கமாட்டான். கார் ஓட்டி வந்தவன் கேட்பான், மேசையில் இடம் கேட்பான். அந்த இடத்தைக் கொடுக்கிறாயா என்பதுதான் சோதனை.

இது வெளிநாட்டான் மட்டும் எழுத வேண்டிய பரீட்சையும் அல்ல. எங்க மாவட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30ஆம் தேதி போலீஸ் காவலோடுதான் முதல்முறையாகப் போக முடிந்தது. ஆயிரம் கல் தாண்டி வந்தவன் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு எங்க ஊர்ப் பழமையை ரசிக்கிறான். அதே ஊரில் பிறந்தவள் சாமி கும்பிடக் காவல்துறை வேண்டியிருக்கிறது. பாரம்பரியம் எல்லோருக்கும் பொது என்று பேசுகிறவர்கள் முதலில் தங்கள் தெருவுக்குள் அந்தப் பேச்சைப் பேசிப் பார்க்கட்டும்.

நம்ம மாணவர்களுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலையிலிருந்து வேன் பிடித்து நாமே அரிக்கமேடு போவோம். வழிகாட்ட காக்காயன்தோப்பு ஆட்களையே கேட்போம், பேசிய கூலியைக் கொடுப்போம். புத்தரைப் பார்ப்போம். புறநானூற்றையும் எடுத்துப்போய் அதில் பெயரில்லாதவர்களைப் பற்றிப் பேசுவோம். மதியத்துக்கு வீட்டிலிருந்தே சோறும் வறுவலும் கட்டிக்கொள்வோம். வேன் ஓட்டுகிற தம்பி நம்மோடுதான் உட்கார்ந்து சாப்பிடுவான். ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வர்றவங்க முன்கூட்டியே சொல்லுங்க, சோறு அதுக்குத் தகுந்த மாதிரி ஆக்கணும்.