வேடரிடையே வளர்ந்தவன்

2009இல் எனக்கு 8 வயது. போரில் கண்டாவளையை விட்டு ஓடியபோது தம்பியைத் தூக்கி நடந்தவன் நான். பிறகு மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் கானோடு நின்றவனும் நான்தான். "நீ பெரியாள்" என்று அம்மம்மா தலையைத் தடவுவா.

இப்போது உண்மையிலேயே பெரியாள். ஏஎல் எழுதி ஐந்து வருடம். அன்று பயமில்லாமல் சுமந்தவன், வங்கிப் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தை நிரப்ப முடியாமல் பேனையோடு நிற்கிறேன்.

நான் யார் என்ற அந்தத் தடுமாற்றத்தில் நினைவுக்கு வருவது சைவ சித்தாந்த நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம். அதில் 12 சூத்திரங்கள். எட்டாவதில் உயிர், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரன்போல. ஐம்புலன்களே அந்த வேடர். குரு வந்து உணர்த்தியதும் அவர்களை விட்டு இறைவனடி சேர்கிறது. என்னை வளர்த்த வேடரில் பதுங்குகுழியும் பசியும் உண்டு. பிழைக்கக் கற்றுத்தந்தவையும் அவைதானே, எப்படி விடுவது?

அப்படி விடுவதற்கு முன் உயிரைப் பிணித்த மலம் பக்குவப்பட வேண்டும் என்கிறது சித்தாந்தம். பக்குவம் என்றால் எனக்கு அப்புதான் நினைவு. வயலில் இறங்கி, ஒரு நெல்லைப் பல்லில் கடித்து, "இன்னும் பத்து நாள்" என்பார். கலண்டரைப் பார்த்ததில்லை. 18 வயதென்று சட்டம் சொன்னதும் நான் விளைந்துவிடவில்லை என்பதை அதனால் ஏற்கிறேன்.

ஆனால் இறைவன் மறைந்து நிற்பதும் பக்குவப்படுத்தும் அருள், அதுவே திரோதானம் என்கிறார்களே, அங்கேதான் தடக்குகிறது. போரில் முள்ளிவாய்க்காலில் நடந்த அழிவை அருள் என்று சொல்ல என் நாக்கு எழாது. அந்த மறுப்போடேயே வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்க் கும்பிடுகிறேன்.