கையின் விலையும் பெயரின் விலையும்

ஒரு பொருளின் விலை அதன் உண்மையான பெறுமதியைக் காட்டுமா என்னும் வினா பொருளியல் நூல்களுக்கு மட்டும் உரியதன்று. அது ஒழுக்கவியல் வினாவுமாகும். ஒரு பொருளுக்கு இவ்வளவு விலை தகும் என்று நாம் ஒப்புக்கொள்ளும்போது, அதனைச் செய்த மனிதரின் உழைப்புக்கு இவ்வளவு மதிப்புண்டு என்றும், வேறொன்றைச் செய்யும் மற்றொருவரின் உழைப்புக்கு அவ்வளவு இல்லை என்றும் மறைமுகமாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

அண்மையில் எமது பாடசாலையின் உயர்தர வகுப்பிலே புகைப்படக் கலை பற்றிப் பேச நேர்ந்தது. ஜேர்மனியின் வெட்ஸ்லர் நகரில் 2022 ஆம் ஆண்டு நடந்த ஏலமொன்றில் பழைய லைக்கா கமரா ஒன்று 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோன செய்தியை மாணவர் ஒருவர் எடுத்துரைத்தார். அது பழம்பொருள்; அதனைக் கண்டுபிடித்தவரே தம் கையில் வைத்திருந்தது; அதன் விலையைத் திருச்சின்னங்களின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். ஆனால் அதே நிறுவனம் புதிதாகச் செய்து விற்பனவும் மலிவானவையல்ல. 2022 இன் தொடக்கத்தில் வெளிவந்த எம்11 என்னும் கமராவின் அன்றைய வெளியீட்டு விலை, வில்லை இல்லாமலே, 8,995 அமெரிக்க டொலர். நொக்டிலக்ஸ் என்னும் வில்லை ஒன்றுக்கு மட்டும் பத்தாயிரம் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும். இவை கையால் பொருத்தப்படுவன, ஆதலால் விலை நியாயமானதே என்று ஒரு மாணவர் வாதித்தார். அப்பொழுது பின்வாங்கிலிருந்த ஒருவர் எழுந்து, “எங்கட ஐயாவும் கையாலைதான் கதவு, நிலை எல்லாம் செய்யிறார். அதுக்கேன் சேர் இந்த விலை இல்லை?” என்று கேட்டார். வகுப்புச் சிரித்தது. எம்மால் சிரிக்க முடியவில்லை. அன்று நாம் கூறிய மறுமொழி எமக்கே நிறைவு தரவில்லை. அதனைத் திருத்திக் கூறும் முயற்சியே இக்கட்டுரை.

இத்தகைய பொருள்களைச் செல்வர்களின் விளையாட்டுப் பொருள்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது முற்போக்காளர் சிலரின் வழக்கம். அது எளிது, எனினும் உழைப்பை மதிப்பதாகக் கூறுவோருக்கு அழகன்று. முதலில் அந்த உழைப்பு யாதென அறிதல் வேண்டும்.

முக்காலியின்மேல் நிறுத்திக் கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு இயக்கும் பெட்டிகளாகப் பல கமராக்கள் இருந்த காலத்தில், வெட்ஸ்லரில் நுணுக்குக்காட்டிகள் செய்த ஏர்ன்ஸ்ட் லைட்ஸ் தொழிற்சாலையிற் பணிபுரிந்த ஓஸ்கார் பார்னாக், சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் சிறிய கருவியொன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் உருவாக்கினார். அது 1925 இல் லைப்ஸிக் சந்தையிலே லைக்கா என்னும் பெயருடன் மக்கள்முன் வந்தது. மேலங்கிப் பையில் அடங்கிய அக்கருவி, புகைப்படத்தைக் கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. சந்தையும் வேலைநிறுத்தமும் போர்முனையும் படத்துக்குள் நுழைந்தன. 1930 களிலிருந்து கார்த்தியே பிரெஸ்ஸோன் உலகெங்கும் சுமந்து திரிந்தது இக்கமராவையே.

இக்கருவியில் தூரத்தைச் சரிசெய்யும் முறை நுட்பமானது. இரு துவாரங்களின் வழியே வரும் இரண்டு உருவங்கள் பார்வைக் கண்ணாடியில் ஒன்றாகப் பொருந்தும்போது தூரம் சரியாகிறது. வில்லையைத் திருப்புகையில் அதன் பின்னுள்ள உலோக வளையம் கமராவினுள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளுகிறது. அந்த அசைவே உருவங்களில் ஒன்றை நகர்த்துகிறது. நொக்டிலக்ஸ் வில்லையை முழுமையாகத் திறந்து, ஒரு மீற்றர் தூரத்திலுள்ள முகத்தைப் படம்பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் மட்டுமே. கண் தெளிந்தால் காது மங்கிவிடும். ஆகவே வளையமும் உருளையும் மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குகளைக் கணக்கிட்டுப் பொருத்தப்பட வேண்டும். இவ்வாறு பொருத்திச் சோதிப்பவர் ஒரு மனிதர். வில்லையின் விளிம்பிலே ஒளி சிதறிப் படத்தை வெளிறச் செய்யாதவாறு அவ்விளிம்புக்குத் தூரிகையாற் கறுப்புப் பூசுபவரும் ஒரு மனிதரே. இவர்களின் பயிற்சிக்கும் பொறுமைக்கும் உரிய கூலி விலையில் அடங்கியிருப்பது நியாயமானது. எண்ணிக்கையிற் குறைவாகச் செய்யப்படும் பொருளில் ஒவ்வொன்றின் ஆக்கச் செலவும் உயரும் என்பதையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால் கையாற் செய்தமை தன்னளவில் ஒரு பொருளின் பெறுமதியை உயர்த்திவிடுமா? இதற்கு மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் விடை கூறியிருக்கிறார். இங்கிலாந்தில் விசைத்தறி வந்தபோது, குறித்த அளவு துணி நெய்வதற்குச் சமூகத்துக்குத் தேவையான உழைப்பு நேரம் ஏறக்குறையப் பாதியாயிற்று. கைத்தறி நெசவாளி முன்போலவே முழு நேரமும் பாடுபட்டார். ஆயினும் அவருடைய ஒரு மணிநேர உழைப்புச் சந்தையிலே அரைமணிநேர உழைப்பாகவே எண்ணப்பட்டது. கை அதிகம் உழைத்தது என்பதற்காகச் சந்தை அதிகம் கொடுப்பதில்லை. கைத்தறியாளர் பட்டினி கிடந்தார். அவ்வாறிருக்க, வெட்ஸ்லரின் கைக்கு மட்டும் சந்தை இரங்குவதேன்?

நொக்டிலக்ஸின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1966 இல் வெளிவந்த முதல் நொக்டிலக்ஸில், கோளவடிவினின்றும் வேறுபட்ட இரண்டு கண்ணாடிப் பரப்புகள் இருந்தன. அவற்றைக் கையால் இயக்கும் பொறியிலேயே தீட்ட வேண்டியிருந்தது. அக்காலத்தில் அது அரிய திறமை. வேறு எளிய வழியும் இருக்கவில்லை. பின்னர் அத்தகைய பரப்புகளை அச்சில் வார்க்கவும் கணினி இயக்கும் பொறிகளால் தீட்டவும் மனிதர் கற்றுக்கொண்டனர். இன்று எமது மாணவர்களின் கைத்தொலைபேசிகளுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வில்லைகளும் அவ்வடிவினவே. அன்று தேர்ந்த ஒருவரின் கை நுட்பமாக இருந்தது இன்று பலகோடி மக்களின் சட்டைப்பையிற் கிடக்கிறது. இதனை நாம் கையின் தோல்வியாகக் கருதவில்லை. கை கண்டறிந்ததைப் பொறி பலருக்கும் பகிர்ந்தளித்தது என்றே கொள்ளுகிறோம்.

யப்பானின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. 1930 களில் அந்நாட்டில் லைக்காவின் விலை 420 யென். உயர்ந்த வங்கியொன்றிற் புதிதாகச் சேரும் பட்டதாரியின் மாதச் சம்பளம் 70 யென் என்று கனன் நிறுவனத்தின் வரலாற்றுக் குறிப்புக் கூறுகிறது. ஆறு மாத உழைப்பு ஒரு கமராவுக்கு! இதனைப் பொறாதவர்களே தம் நாட்டிலும் அத்தகைய கமராவைச் செய்ய முற்பட்டனர். 1950 இல் கொரியப் போரைப் படம்பிடித்த அமெரிக்கர் டேவிட் டக்ளஸ் டங்கன், யப்பானிய நிக்கோர் வில்லைகளைத் தம் லைக்காவிற் பொருத்திப் பயன்படுத்தியபோது, அவற்றின் தெளிவு உலகப் பத்திரிகையாளரை வியக்கவைத்தது. ஜேர்மன் கைக்கு மட்டுமே கைவரும் என்று நம்பப்பட்ட நுட்பம் பிறருக்கும் கைவந்தது. இன்று விலையிற் பாதிக்கும் குறைந்த கமராக்கள் தரும் படத்தையும் லைக்கா தரும் படத்தையும் சுவரில் அருகருகே மாட்டினால், வேறுபாட்டைக் கண்டுரைக்கக்கூடியோர் மிகச் சிலரே. படத்தில் தெரியாத அந்த மிகுதி விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது? பெரும்பகுதி பெயருக்காகவும், பலரிடம் இல்லாத ஒன்று தம்மிடம் இருக்கிறது என்ற நினைவுக்காகவுமே என்பது எமது கருத்து.

பெயர் உயரும்போது அதனைத் தாங்கிய கைகள் மறைந்துபோகின்றன என்பது இன்னும் கவலைக்குரியது. மேற்கு ஜேர்மனியிலும் பார்க்கக் கூலி குறைந்த போர்த்துக்கலில், அங்கு சர்வாதிகாரம் நிலவிய 1973 இல், லைட்ஸ் நிறுவனம் தொழிற்சாலையொன்றை நிறுவியது. பமலிக்காவோ நகரின் தொழிலாளர் இன்றும் அக்கமராக்களின் பாகங்கள் பலவற்றைச் செய்தும் பொருத்தியும் அனுப்புகின்றனர். இறுதிப் பொருத்து வெட்ஸ்லரில் நிகழ்கிறது. கமராவின்மேல் ஜேர்மனியின் பெயரே பொறிக்கப்படுகிறது. இதற்கும் முன்னர், இரண்டாம் உலகப் போரின்போது, உக்ரேனிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்ட பெண்கள் வெட்ஸ்லர் ஆலையிலே வேலைவாங்கப்பட்டனர். அதே ஆலையின் உரிமையாளரான இரண்டாம் ஏர்ன்ஸ்ட் லைட்ஸ், யூதத் தொழிலாளர் பலர் நாஸிகளிடமிருந்து தப்பி வெளிநாடு செல்ல உதவினார் என்பதையும், அவருடைய மகள் எல்ஸி, யூதப் பெண்ணொருவர் தப்ப உதவியமைக்காக 1943 இல் கெஸ்டாப்போவினால் சிறையிடப்பட்டார் என்பதையும், அவர் அந்த உக்ரேனியப் பெண்களின் நிலையைச் சீர்செய்ய முயன்றார் என்பதையும் சொல்லாமல் விடுவது அநீதி. நல்லோர் இருந்தனர், அடிமை உழைப்பும் இருந்தது. “கையாற் செய்தது” என்னும் புகழுரை இக்கைகளில் எதனையும் எமக்குக் காட்டுவதில்லை.

அதே உக்ரேனில் இக்கமராவுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. ஆசிரியராகிய எமக்கு அது மிக அண்மையானது. கார்க்கோவ் நகரில், வீடிழந்து தெருவில் அலைந்த சிறுவர்களுக்காக அமைந்த குடியிருப்பொன்றை மக்கரெங்கோ நடத்தினார். அச்சிறுவர்கள் 1934 முதல் லைக்காவைப் பார்த்து அதேபோன்ற கமராவைச் செய்யலாயினர். அதற்குப் ‘பெட்’ என்று பெயர். அப்பெயர் சோவியத் இரகசியப் பொலிசின் முதல் தலைவராயிருந்த ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள் என்பதையும், வடிவம் பிறரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும், தரம் எப்பொழுதும் ஒரே சீராக இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும், எதற்கும் உதவாதவர்கள் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளின் விரல்கள் வில்லையும் உருளையும் பொருத்தக் கற்றன. நுட்பம் பிறவியிலோ நாட்டிலோ நகரின் பெயரிலோ தங்கியிருக்கவில்லை. அது பயிற்சியிலும் பயிற்றுவோரின் நம்பிக்கையிலும் தங்கியிருந்தது.

விலையை ஆதரிப்போர் கூறும் வலுவான நியாயம் ஒன்று எஞ்சியுள்ளது. மலிவான பொருள் விரைவிற் கெடும். வறியவர் மீண்டும் மீண்டும் வாங்குவார். சிறந்த பொருள் தலைமுறை கடந்து உழைக்கும் என்பர். 1954 இல் வந்த எம்3 இன் வில்லைகளை இன்றைய எம்11 இலும் பொருத்தலாம் என்பது உண்மை. வீணாக்கி எறியும் இக்காலத்தில் இது பாராட்டுக்குரிய பண்பு. ஆனால் கமரா இலத்திரனியற் கருவியான பின்னர் இந்நியாயம் தளர்ந்துவிட்டது. 2009 இல் வெளிவந்த எம்9 இல் ஒளியை உணரும் தகட்டின் மேற்கண்ணாடி அரிப்புற்றது; நிறுவனம் பலருக்கு மாற்றிக் கொடுத்தது; சில ஆண்டுகளின் பின் மாற்றுத் தகடே கிடையாது போயிற்று. பித்தளையும் கண்ணாடியும் நூறாண்டு நிற்கலாம். அவற்றினுள் இருக்கும் மின்னணுத் தகடு நிற்பதில்லை.

கைவினையின் மேன்மையை உயர்த்திப் பேசியோரில் தலையாயவர் இங்கிலாந்தின் வில்லியம் மொறிஸ். உழைப்பில் மகிழ்ச்சி இல்லாவிடின் வாழ்வில் மகிழ்ச்சி இல்லை என்று அவர் நம்பினார். ஆனால் அவரது நிறுவனம் கையாற் செய்த அழகிய பொருள்களை வாங்க வசதியுடையோருக்கே முடிந்தது. இம்முரண்பாடு அவரை உறுத்தியது. 1883 இல் அவர் சோசலிச இயக்கத்திற் சேர்ந்தார். அவருடைய அச்சியந்திரம் எமது நாட்டின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. ஆனந்த குமாரசுவாமி, கண்டியின் கைவினைஞரைப் பற்றி எழுதிய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை 1908 இல் அந்த அச்சியந்திரத்திலேயே கையால் அச்சிடுவித்தார். பிரதிகள் 425. கைவினைஞரின் பெருமையைப் பேசிய அந்நூல் எத்தனை கைவினைஞரின் வீட்டை அடைந்திருக்கும்?

இவ்வினா எம்மை மீண்டும் அம்மாணவரின் தந்தையிடம் கொண்டுவருகிறது. எமது சமூகம் கைவினைஞரை மேடையிலே கலைஞர் என்று போற்றிவிட்டு, முற்றத்திலே தாழ்ந்தவர் என்று நிறுத்திவைத்த சமூகம். அவர் கை செய்த கதவு வழியாகவே உள்ளே செல்வோம். அவரை உள்ளே அழையோம். முதிரைப் பலகையிலே இடைவெளியின்றிப் பொருத்து அமைக்கும் அவரது கண்ணும், வெட்ஸ்லரில் உருளையைச் சரிபார்ப்பவரின் கண்ணும் ஒரே பண்பின. முன்னவருக்குப் பெயர் இல்லை. பின்னவருக்கும், ஆழ்ந்து நோக்கின், பெயர் இல்லை. பெயர் நிறுவனத்துக்கு உரியது. மாதச் சம்பளம் பெறும் அத்தொழிலாளரும் தாம் பொருத்தும் கமராவை எளிதில் வாங்கிவிடப் போவதில்லை.

ஆகவே அம்மாணவருக்கு நாம் இன்று கூறக்கூடியது இதுவே. தம்பி, அக்கமராவின் விலையில் ஒரு பகுதி கையின் விலை. அது நியாயமானது, அதனை ஏளனஞ் செய்யாதீர். மற்றொரு பெரும்பகுதி பெயரின் விலை. அதற்கு நியாயம் இல்லை, அதனைக் கையின் விலை என்று நம்பாதீர். படம்பிடித்துப் பிழைக்கும் ஒருவர் அதனைத் தேர்ந்து வாங்கினால் அது அவருக்குக் கருவி; கண்ணாடி அலுமாரியிலே பூட்டி வைப்பவருக்கு அது பட்டயம். உமது தந்தையின் உழைப்புக்கு உரிய விலை கிடையாமைக்குக் காரணம் அவர் கையில் உள்ள குறைபாடன்று. செய்பவரை மறைத்துப் பெயரை விற்கும் ஒழுங்கே அதற்குக் காரணம். அவ்வொழுங்கை மாற்றுவது தனியொருவரின் பேரம்பேசலால் ஆகாது. உழைப்போர் ஒன்றுசேர்ந்தே ஆகும். அன்றைக்கு வகுப்பிலே இதனைச் சொல்லியிருக்க வேண்டும். சிரித்த மாணவர்களுக்கும் இதனைச் சொல்லியிருக்க வேண்டும்.