வயிறும் சட்டமும்

ஒருவன் உழைத்தவனுக்குரிய கூலியைக் குறைக்கின்றான். மற்றொருவன் அது பொறாது வேலையை விட்டு ஓடுகின்றான். இவ்விருவருள் குற்றவாளி யாவன்? நேயர்கள் தயங்காது விடை கூறுவர். ஆயின், மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை நிலவிய நாளில் சட்டம் வேறு விடை கூறிற்று. ஓடியவனைப் பிடித்துச் சிறையிலிடப் போலீஸ் இருந்தது. குறைத்தவன் செயலோ வெறும் கணக்கு வழக்காகக் கருதப்பெற்றது. 1910-இல் இந்தியாவினின்றும் அம்முறையில் ஆள் கொணர்தல் நின்றது. முறை நின்றதேயன்றி அதனைப் பெற்ற மனப்பான்மை நின்றதோ?

1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்ததைக் காண்போம். உலகப் போரினால் ரப்பருக்குத் தேவை மிகுந்தது. பண்டங்களின் விலையும் ஏறிற்று. தோட்டத் தொழிலாளர், சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி கேட்டனர். கேட்டது அஃதொன்று மட்டுமன்று. கள்ளுக்கடைகளை மூடுக என்றனர்; பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டுமென்றனர்; பெண்டிரிடம் முறைகேடாக நடத்தலாகாது என்றனர். துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்படுங்கால் சைக்கிளினின்று இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர்.

இச்சைக்கிள் கோரிக்கையை யான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டநூலில் எழுதியிருந்தது? எதிலும் இல்லை. இருந்தும் இறங்கினர். இறங்காதவனுக்கு மறுநாள் பெரட்டில் வேலை இராது. வேலை இல்லையேல் லயத்தில் இடமும் இராது. எழுதாச் சட்டத்திற்கு வயிறே போலீஸ். அவ்வயிற்றச்சம் நீங்கி மக்கள் ஒன்றுகூடிய பின்னரே, எழுதிய சட்டத்தின் போலீஸ் துப்பாக்கியுடன் வரவேண்டியதாயிற்று.

வரவும் செய்தது. அவ்வாண்டு மே மாதத்தில், தொழிலாளரை ஒன்றுதிரட்டிய பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் கைதானார். வேலைநிறுத்தம் தோட்டந்தோறும் பரவிற்று. சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் வந்தது, ஐவர் சுடப்பட்டு மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

கலகம் மூண்டால் அடக்குதல் சர்க்காரின் கடனன்றோ எனச் சிலர் வினவுவர். கடனே. கல்லெறிபவன் கையைப் பிடித்தலை யாம் பழித்திலோம். ஆனால் கூலி கேட்டு மனுக் கொடுத்த நாட்களில் அச்சர்க்கார் இத்தனை விரைவு காட்டியதோ? அன்று காக்கப்பட்டது அமைதி மட்டுமன்று, போருக்கு வேண்டிய ரப்பரும்கூட.

இன்று சட்டத்தின் முகம் சிறிது திரும்பியுள்ளது என்பதை மறைத்தல் நேர்மையன்று. 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தபட்சச் சம்பளத்திற்குக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு ஓர் ஆளுக்குப் பதினாயிரம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய அச்சம்பளம் 2025-இல் 1,700 ஆயிற்று. நன்று. ஆயினும் பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையொன்றில் நாட்கூலிக்குத் தட்டுக் கழுவுபவன் தொழில் இலாகாவுக்குச் சென்று முறையிட வேண்டுமாயின், அன்றைக் கூலியை இழந்தே செல்லவேண்டும். அழைப்பு வரும் ஒவ்வொரு நாளும் அவ்வாறே. முதலாளியோ தம் கணக்கப்பிள்ளையை அனுப்பிவிட்டுக் கல்லாவிலேயே அமர்ந்திருக்கலாம்.