வழி கேட்டவர்கள்

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் தென்பகுதியில் சில சிறு பாலங்கள் நடுவில் பிளந்திருக்கும். இரு கரைகளிலிருந்தும் நீளும் வார்ப்பிரும்புத் தளங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே ஓர் அங்குல அளவுக்கு இடுக்கு விட்டிருப்பார்கள். கரையில் நடக்கும் குதிரை கயிறு கட்டிப் படகை இழுத்த காலத்து வேலை அது. பாலத்துக்கு அடியிலும் குதிரைக்குப் பாதை விட வேண்டுமென்றால் பாலம் அகலமாகும், செலவு ஏறும். ஆகவே குதிரை பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கயிறு அந்த இடுக்கில் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். அவிழ்த்துக் கட்ட வேண்டியதில்லை. மேலே மாட்டை ஓட்டிப் போகும் விவசாயிக்கும், கீழே நிலக்கரி ஏற்றிப் போகும் படகுக்கும் ஒரே இடத்தில் வழி. ஆனால் படகுகள் வருவது நின்றுபோனால் அந்த இடுக்கு யாருக்காக? இந்தக் கால்வாயில் அந்தக் கேள்வி இரண்டு முறை எழுந்தது. இரண்டு முறையும் கிடைத்த விடையைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பொது உரிமை ஏட்டில் எழுதியிருப்பதால் மட்டும் பிழைப்பதில்லை. பெரிய தேவை இல்லாத நாளிலும் யாராவது ஒருவர் போய் அதைக் கேட்டு வாங்கினால்தான் அது இருக்கிறது.

1793இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அனுமதி பெற்று, 1816இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை வெட்டி முடித்த கால்வாய் இது. பின்னர் அது ரயில் கம்பெனியின் கைக்குப் போனது. போட்டிக்காரனின் சொத்தை வாங்கியவர் அதை எவ்வளவு அக்கறையாகப் பராமரிப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வடகோடியில், கிங்ஸ் நார்ட்டன் அருகே, லிஃபர்ட் லேன் என்ற இடத்தில் படகு வந்தால் தூக்கிவிடும் பாலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது சேதமாகவே, தூக்க முடியாத தாழ்வான இரும்புத் தளத்தைத் தற்காலிகமாகப் போட்டார்கள். போர் முடிந்தும் தளம் அப்படியே கிடந்தது. படகு போகும் உரிமை சட்டத்தில் இருந்தது, போக வழியில்லை. 1944இல் ‘நேரோ போட்’ என்ற நூலை எழுதியவரும், 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவருமான எல்.டி.சி. ரோல்ட், தம் படகில்தான் குடியிருந்தார். பிரபுக்கள் சபையில் இந்தப் பாலம் பற்றிக் கேள்வி எழுந்தபோது, முன்னறிவிப்புக் கொடுத்தால் பாலம் உயர்த்தப்படும் என்று பதில் வந்தது. யாரும் வரப்போவதில்லை என்ற நம்பிக்கையில் சொன்ன பதிலாகவே எனக்குப் படுகிறது. ரோல்ட் அறிவிப்புக் கொடுத்தார். 1947 மே மாதம் தொழிலாளர்கள் ஜாக்கி வைத்துத் தளத்தைத் தூக்க, ‘க்ரெஸ்ஸி’ என்ற அந்தப் படகு உரசிக்கொண்டு கடந்தது. அவரைப் பார்த்து மற்றவர்களும் அறிவிப்புக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிற்பாடு அங்கே திறந்து மூடும் பாலமே வந்தது.

போரில் அடிபட்டு, நிலக்கரிக்கும் ரொட்டிக்கும் பங்கீடு நடந்துகொண்டிருந்த நாட்டில், ஒருவர் உல்லாசமாகப் படகு விட ஒரு கூட்டமே வந்து பாலத்தைத் தூக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. ஜாக்கியைச் சுழற்றியவர்கள் அந்தத் தடையை உண்டாக்கியவர்களும் அல்லர். ஆனால் அந்தச் சிரமம் ரோல்ட் வந்ததால் பிறந்ததல்ல. தாழ்வான தளத்தைப் போட்டுவிட்டு அப்படியே விட்ட அன்றே பிறந்தது. அதுவரை அதைச் சுமந்தவர்கள் திரும்பிப் போன படகுக்காரர்களும், புறப்படாமலே இருந்துவிட்டவர்களும். அவர்களை யாரும் எண்ணவில்லை. கேட்டவுடன் அதே சுமை இடம் மாறி, தடையை வைத்தவர் பக்கம் போனது. தற்காலிக ஏற்பாடுகள் நிரந்தரமாவது பெரும்பாலும் எவருடைய முடிவாலும் அல்ல, எவரும் கேட்காததால்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. உரிமை என்பது பயன்பாட்டைப் பொறுத்ததா? அப்படியானால் படகில்லாதவர், நோயாளி, வேலைக்கு ஓடுகிறவர் எல்லாரும் உரிமை இழந்தவர்களா? சட்டம் அவ்வளவு கொடுமையானது அல்ல. இங்கிலாந்தில் பொதுமக்கள் இருபது ஆண்டுகள் தடையின்றி நடந்த பாதை பெரும்பாலும் பொதுப்பாதையாகக் கருதப்படும். நடக்காமல் விட்டதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது. ஆனால் நடக்காத பாதையில் முள் வளர்கிறது, உழவு ஏறுகிறது, குறுக்கே வேலி வருகிறது. அப்புறம் உரிமை இருப்பதை நிரூபிக்கப் பழைய வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆகவே முடிந்தவர் நடக்க வேண்டியது முடியாதவருக்காகவும்தான். ஒருவர் நடந்தால் பாதை எல்லாருக்கும் திறந்திருக்கும். ஊர் நூலகம், கடைசி பஸ், கிராம சபைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆள் வராததைக் காட்டித்தான் அவற்றை நிறுத்துகிறார்கள்.

தென்பகுதியில் 1958இல் நடந்தது இதைப் பளிச்சென்று காட்டுகிறது. வில்ம்கோட் என்ற ஊரில் கால்வாய்மேல் இருந்த சாலைப் பாலம் பழுதாகிவிட்டது. படகு போகும் உயரத்தில் திரும்பக் கட்டினால் செலவு அதிகம். கால்வாயையே கைவிட்டுவிட்டால் மிச்சம். மூன்றாண்டுகளாக இதில் யாரும் போகவில்லை என்று சொல்லி, வார்விக்‌ஷயர் கவுண்டி கவுன்சில் கால்வாயை மூட அனுமதி கேட்டது. வரிப்பணத்தைக் காக்க வேண்டியவர்கள் அப்படி எண்ணியதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மூடுவதை எதிர்த்தவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று, சிறு துடுப்புப் படகில் அவ்வழியே போனவர்கள் கட்டணம் கட்டி வாங்கிய சீட்டு. அதில் தேதி இருந்தது. மூன்றாண்டுக்குள் வரும் தேதி. மூடும் அனுமதி மறுக்கப்பட்டது.

அந்தச் சீட்டு ஒரு பயணத்தைத்தான் காட்டியது. அதை வைத்து ஒரு கால்வாயைக் காப்பாற்றியது மிகை என்று இன்றும் ஒருவர் வாதிடலாம். கணக்குப் பார்த்தால் அது சரிதான். ஆனால் போனவர்களை மட்டும் எண்ணும் கணக்கு அது. 1960இல் நேஷனல் டிரஸ்ட் அந்தப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. சேறு அள்ளவும் மதகுக் கதவு மாட்டவும் தொண்டர்கள் வந்தார்கள், ராணுவத்தினர் வந்தார்கள், சிறைக் கைதிகளும் வந்தார்கள். 1964 ஜூலையில் ராஜமாதா எலிசபெத் வந்து கால்வாயைத் திறந்துவைத்தார். மண்வெட்டியோடு வந்த இத்தனை பேரும் 1958இல் கவுன்சிலின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் வரும்வரை கால்வாயை மூடாமல் வைத்திருந்ததில் தேதி போட்ட அந்தச் சீட்டுக்குப் பங்குண்டு.